கிளஸ்டருக்குப் புதியவர்களின் கேள்விகள்

பல்கலைக்கழக கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த தொகுப்பு) புதிதாகக் கணக்கு வாங்கிய ஆராய்ச்சி மாணவர்கள் கேட்டவை இவை. ஜாப்களை, அதாவது ஓட்டக் கொடுக்கும் வேலைகளை, வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் (Slurm) மென்பொருள் வைத்திருக்கும் எந்த கிளஸ்டருக்கும் இந்தப் பதில்கள் பொருந்தும்.

லாகின் செய்ததும் பைத்தான் ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏன்?

கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். நீங்கள் நின்ற இடம் லாகின் நோட். ஃபைல் திருத்த, ஜாப் அனுப்ப எல்லாரும் வந்துபோகும் வாசல் அது. அங்கே ஒருவர் பெரிய கணக்கு ஓட்டினால் மற்றவர்களுக்கு டைப் செய்வதே திணறும். ஸ்க்ரிப்ட் எழுதி எஸ்பேட்ச் (sbatch) கட்டளை மூலம் அனுப்புங்கள். கணக்கு அதற்கென்றே உள்ள கம்ப்யூட் நோடில் ஓடும்.

என் ஜாப் இரண்டு நாளாக பெண்டிங். எனக்குப் பின்னால் போட்டவருடையது முடிந்தே விட்டது. இது நியாயமா?

நியாயம்தான். நான்கு முழு நோட் கேட்ட ஒரு ஜாப் முன்னால் காத்திருக்கிறது என்று வையுங்கள். மூன்று நோட் பிஸி, மூன்று மணி நேரம் கழித்துத்தான் விடுபடும். அதுவரை நான்காவது நோட் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் இரண்டு மணி நேர ஜாபை ஸ்லர்ம் நுழைத்துவிடும். இதற்கு பேக்ஃபில் என்று பெயர். நீங்களோ "எதற்கும் இருக்கட்டும்" என்று 72 மணி நேரம் எழுதியிருக்கிறீர்கள். ஜாப் உண்மையில் எப்போது முடியும் என்று ஸ்லர்முக்குத் தெரியாது, நீங்கள் எழுதியதைத்தான் நம்பும்.

முதலில் சின்ன டேட்டாவில் ஓட்டுங்கள். முடிந்ததும் எஸ்அக்ட் (sacct) கட்டளையில் எலாப்ஸ்டு (Elapsed), மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (MaxRSS) இரண்டையும் பாருங்கள்: எடுத்த நேரம், தொட்ட உச்ச மெமரி. முழு டேட்டாவுக்கு எவ்வளவு ஆகும் என்று அதை வைத்துக் கணித்து, கால் பங்கு கூட்டிக் கேளுங்கள். ரொம்ப இறுக்கியும் பிடிக்காதீர்கள்; கேட்ட நேரம் தீர்ந்தால் ஜாபை நிறுத்திவிடும். நீண்ட கணக்கு என்றால் அதுவரை செய்ததை இடையிடையே சேமித்து வைப்பது, அதாவது செக்பாயின்ட் எழுதுவது அவசியம்.

40 கோர் கேட்டேன். வேகம் துளியும் கூடவில்லையே?

கோர் என்பது ப்ராசஸரில் தனியாகக் கணக்கிடும் ஒரு பகுதி. சாதாரண பைத்தான் லூப் ஒரே கோரில்தான் ஓடும். மீதி 39 கோரை யாருக்கும் இல்லாமல் பிடித்து வைத்திருந்தீர்கள். புரோகிராமை இணையாக ஓடும்படி எழுதினாலும், வேலையில் 5% வரிசையாகத்தான் நடக்கும் என்றால் 40 கோரில் கிடைப்பது சுமார் பதிமூன்றரை மடங்கு வேகம். எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. ஆம்டால் விதி சொல்வது இதுதான். ஒன்றையொன்று சாராத 40 இன்புட் ஃபைல்கள் என்றால், ஒரே ஸ்க்ரிப்டைத் தனித்தனி ஜாப்களாக ஓட்டும் ஜாப் அரே போடுங்கள்.

விண்டோஸில் எழுதிய ஸ்க்ரிப்டை எஸ்பேட்ச் ஏற்கவில்லை.

வரி முடிவுக் குறிதான் வேறு. அதை மாற்றும் டாஸ்டுயுனிக்ஸ் (dos2unix) கட்டளையை ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.

ஸ்க்ராட்சில் இருந்த ரிசல்டைக் காணோம். மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஸ்க்ராட்ச் வேகமான தற்காலிக இடம். பொதுவாக பேக்கப் கிடையாது, பல இடங்களில் பழைய ஃபைல்கள் தானாக அழியும். மாதக்கணக்கில் உழைத்தவர்கள் இப்படி இழந்து நிற்பதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது. ஜாப் முடிந்த அன்றே, ஃபைல்களைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் (rsync) செய்து வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.