கேள்வி பதில்: குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும்

கேள்வி: எங்கள் பகுதிக்குப் புதிய குடிநீர்க் குழாய்களும் பாதாளச் சாக்கடையும் அமைக்க மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, நிதியும் ஒதுக்கப்பட்டுவிட்டதாகக் கவுன்சிலர் கூறுகிறார். மூன்று மாதமாகியும் தெருவில் ஒரு கடப்பாரைகூட இறங்கவில்லை. பிறகு தீர்மானத்துக்கு என்ன பொருள்?
– வாசகர், கோட்டையூர்

பதில்: தீர்மானத்துக்குப் பின்னும் படிகள் பல இருக்கின்றன ஐயா. மதிப்பீட்டுக்கு நிர்வாக ஒப்புதல் பெற்று, குழாயின் விட்டம், சரிவு, ஆழம் ஆகியவற்றைச் சரிபார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதலும் பெற்று, ஒப்பந்தப்புள்ளி கோரிப் பணி ஆணை வழங்கிய பிறகே ஒப்பந்ததாரர் மண்ணில் கைவைக்க முடியும். நிதி ஒதுக்கீடு என்பதும் முழுத்தொகை கைக்கு வந்துவிட்டது என்றாகாது. எடுத்துக்காட்டாக, நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்காக 2021 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்ட அம்ருத் திட்டத்தில், ஒரு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு ஒன்றிய அரசு திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்கையே, அதுவும் 20, 40, 40 விழுக்காடு எனத் தவணைகளாகவே தருவதாக வகுக்கப்பட்டது. மீதியை மாநில அரசும் உள்ளாட்சியும் தேட வேண்டும். ஆகவே உங்கள் தெருப் பணிக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு, உள்ளாட்சியின் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள்.

அதே மனுவில் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். சாக்கடைக் குழாய் ஆழத்தில் முதலில் இறங்க வேண்டும். குடிநீர்க் குழாய் அதற்கு மேல்மட்டத்தில், இயன்றவரை மூன்று மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். வீட்டு இணைப்புகள் எல்லாம் முடிந்த பிறகே சாலை போட வேண்டும். நம் ஊர்களில் குடிநீர் நாள் முழுதும் வருவதில்லை. தண்ணீரை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடுவதால், இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். மறுமுறை திறக்கும்போது அது நேராகக் குடத்துக்கு வரும். நான் குடியிருந்த தெருவில் புதுச் சாலை போட்டு ஒரு மாதத்துக்குள் இணைப்புக்காக வெட்டினார்கள். குழியில் எட்டிப் பார்த்தபோது இரண்டு குழாய்களும் ஒரு சாண் இடைவெளியில் கிடந்தன. அன்றிலிருந்து இதை விடாமல் சொல்லிவருகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். இணைப்பை எந்தப் பக்கம் வாங்குவது? வளவின் (வீட்டின் நடுக்கட்டின்) முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரையும் அதிலேயே விட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: ஆச்சி, சமையற்கட்டும் குளியலறையும் பின்கட்டில் இருப்பதால் கழிவுநீர் இணைப்பைப் பின்தெருவிலேயே கேளுங்கள். முகப்பு வரை கொண்டுவர நினைத்தால் இரண்டாம் கட்டையும் பட்டாலை என்னும் கூடத்தையும் தாண்டித் தளத்தை உடைக்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்குச் சரிவு கிடைப்பதும் கடினம். பாதாளச் சாக்கடை தன் ஓட்டத்தாலேயே தன்னைக் கழுவிக்கொள்ளும் அமைப்பு. வேகம் நொடிக்கு 0.6 மீட்டராவது இல்லையென்றால் கசடு தங்கி அடைத்துக்கொள்ளும். பின்தெரு சந்துதானே என்று வரைபடத்தில் விட்டுவிடும் வழக்கமும் உண்டு. ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

முற்றத்து மழைநீரை மட்டும் அதில் சேர்த்துவிடாதீர்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்று கணக்கிட்டே குழாயின் அளவை முடிவுசெய்கிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் அது 540 லிட்டர். உங்கள் ஓட்டுக்கூரை 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து சென்டிமீட்டர் மழைக்கு 10,000 லிட்டர் முற்றத்தில் இறங்கும். பதினெட்டு நாள் கழிவுநீர் ஒரே மாலையில் வந்ததற்குச் சமம். ஒரு தெருவே இப்படி இணைத்தால், தாழ்ந்த பகுதியில் இருப்பவர் வீட்டுக் கழிப்பறையில்தான் அது பொங்கும். ஐப்பசி மழையில் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் இறங்க, முற்றத்தில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மிஞ்சியதைக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பியவர்கள் நம் முன்னோர். அந்தக் கல் தூம்பு அடைபட்டிருந்தால் சுத்தம் செய்து கிணற்றுக்கே திருப்புங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமும்கூட.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊரில் வீடு பூட்டியே கிடக்கிறது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறப்போம். இப்போதே இணைப்பு வாங்க வேண்டுமா?
– வாசகர், பூர்வீகம் கண்டனூர்

பதில்: வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் சாலையை வெட்டும் செலவும் உங்கள் தலையில் விழும். பங்காளிகள் பலர் இருக்கும் வீடென்றால், வைப்புத்தொகையை யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். இன்னொன்று: கழிவறைக் கோப்பையின் அடியிலும் தரைத் தூம்பிலும் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவையும் கரப்பான்பூச்சியையும் தடுத்து நிறுத்துகிறது. பூட்டிய வீட்டில் அது காய்ந்துபோகும். காவலுக்கு இருப்பவரிடம் சொல்லி, இருபது நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றச் செய்யுங்கள்.