கால் ஒரு காலம், கைப்பிடி ஒரு காலம்: வால்நட் பெட்டி அசல்தானா?

கேள்வி: லெஸ்டரில் வசிக்கிறோம், ஊர் யாழ்ப்பாணம். போன மாதம் ஏலத்தில் ஒரு பழைய வால்நட் லாச்சிப் பெட்டி (இழுப்பறைப் பெட்டி) எடுத்தேன். மேலே இரண்டு சின்ன லாச்சி, கீழே மூன்று நீள லாச்சி. விவரச்சீட்டில் ‘வில்லியம் அண்ட் மேரி / குவீன் ஆன், சுமார் 1700’ என்று இருந்தது. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், “லாச்சிகளைச் சுற்றி இரண்டு கோடாகப் புடைத்திருக்கும் இரட்டை வரம்பு வில்லியம் காலத்தது, மூலைகளில் பலகையால் அமைந்த பிராக்கெட் கால் அதற்குப் பிந்தியது, கைப்பிடி அதற்கும் பிந்தியது. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, போலி” என்கிறார். இப்போது கணவருக்கும் சந்தேகம். திருப்பிக் கொடுத்துவிடலாமா? வைத்துக்கொண்டால் எதைப் போட்டுத் துடைப்பது? கூடவே ஒரு சின்னச் சுவர்க் கண்ணாடியும் எடுத்தேன், அதே காலம் என்றார்கள்.

பதில்: அவசரப்பட வேண்டாம் அம்மா. உங்கள் நண்பர் கவனித்த மூன்றுமே சரி. அவற்றை வைத்து அவர் வந்த முடிவுதான் சரியில்லை.

‘லாச்சி’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தை ஆண்ட டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் அது. அவர்கள் அங்கே இருந்த அதே காலத்தில்தான், 1689இல், ஹாலந்திலிருந்து வந்த வில்லியம் தன் மனைவி மேரியோடு இங்கிலாந்தின் அரியணை ஏறினார். டச்சு ரசனையும் பின்னாலேயே வந்தது. 1685இல் பிரான்சில் புராட்டஸ்டன்ட்களுக்கு இருந்த பாதுகாப்பு ரத்தானதும் அங்கிருந்து ஓடிவந்த கைவினைஞர்கள் வேறு. டானியல் மாரோ என்ற வடிவமைப்பாளர் அப்படி ஹாலந்து போய், வில்லியமிடம் சேர்ந்தவர். கனத்த ஓக் பலகையில் செதுக்கும் பழக்கம் நகரத்தில் பின்னுக்குப் போய், மலிவான மரத்தில் கூடு செய்து அதன்மேல் வால்நட் வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டும் வேலை முன்னுக்கு வந்தது. உங்கள் பெட்டி அந்தப் பரம்பரை.

மேரி 1694இல் இறந்தார், வில்லியம் 1702இல். பிறகு 1714 வரை ஆன் அரசி. அரசர் மாறிய மறுநாள் காலையில் எந்தத் தச்சரும் உளியை மாற்றிக்கொள்ளவில்லை. லண்டன் பட்டறையில் பழசாகிப்போன ஒரு வடிவம் வெளியூரில் இன்னும் இருபது வருடம் ஓடியிருக்கும். இரட்டை வரம்பு ஏறக்குறைய 1690 முதல் 1715 வரை வழக்கில் இருந்தது. பிராக்கெட் கால் 1700ஐ ஒட்டி வரத் தொடங்கியது. ஆக, ஒரே பெட்டியில் இரண்டும் பிறவியிலேயே சேர்ந்திருக்கலாம். மாறும் காலத்துச் சாமானில் அடையாளங்கள் கலந்திருப்பது இயல்பு. கலக்கவே கூடாது என்று நினைத்துச் செய்கிறவர் போலி செய்பவர்தான், அதனால் எல்லாமே கச்சிதமாகப் பொருந்தும் பெட்டியைக் கண்டால்தான் எனக்குக் கை நடுங்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எல்லா லாச்சிகளையும் கழற்றித் தரையில் வையுங்கள். ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு பெட்டியை மெதுவாக மல்லாக்கச் சாய்த்து, அடிப்பலகையை டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு மூலைக்கருகில் வட்டமான துளை, அல்லது துளையை அடைத்த தடம் இருக்கிறதா? 1700க்கு முன்பு இந்தப் பெட்டிகளுக்கு உருண்டையான ‘பன்’ கால்கள்தான். கடைசல் பிடித்த அந்தக் காலின் முளையை அடிப்பலகையில் துளைத்துச் செருகுவார்கள். ஈரத் தரையில் நின்று நின்று அவை உளுத்துப் போகும். பின்னால் வந்தவர்கள் கழற்றி எறிந்துவிட்டுப் பிராக்கெட் கால் அடித்திருப்பார்கள். துளை இருந்தால் பெட்டி மூத்தது, கால் மட்டும் இளையது. துளை இல்லாவிட்டால் இந்தக் காலோடேயே பிறந்திருக்கலாம். இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு: பன் காலுக்கு மதிப்பு அதிகம் என்று, அந்தத் துளையே இல்லாத பெட்டிக்குப் புதிதாகப் பன் கால் மாட்டி விற்பது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே அப்படி ஒன்றை வாங்கியிருக்கிறேன்.

அடுத்தது கைப்பிடி. இந்தக் கேள்விக்கு லாச்சியின் உட்புறம் சொல்கிற அளவுக்கு வேறெதுவும் சொல்லாது. முதலில் வழக்கில் இருந்தது கண்ணீர்த் துளி போலத் தொங்கும் சின்னப் பித்தளைப் பிடி. ஒரே துளை. அதன் வழியே இரண்டாக மடித்த கம்பி ஊசியை உள்ளே விட்டு, இரண்டு முனையையும் விரித்து மடக்கி மரத்தில் அடித்துவிடுவார்கள். அந்த முனைகள் கீறிய தடம் முன்னூறு வருடமானாலும் அழியாது. 1710ஐ ஒட்டித்தான் திருகும் நட்டும் வந்தன, அவற்றுக்குப் பிடிக்கு இரண்டு துளை. உங்கள் லாச்சியின் உட்புறத்தில் ஒற்றைத் துளையும் கீறலும், அவற்றின் இருபக்கமும் வேறு துளைகளும் இருந்தால், கைப்பிடி மாறியிருக்கிறது, அவ்வளவே. பித்தளை மாறாத பெட்டியைப் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் இங்கேயே ஒரு கெட்ட செய்தியும் காத்திருக்கலாம். உள்ளே தெரியும் பழைய துளைகளுக்கு நேராக வெளிப்பக்கத்து வெனீரில் அடைத்த தடம் இருக்க வேண்டும். உள்ளே துளை இருந்து வெளியே வெனீர் மாசு மறுவில்லாமல் இருந்தால், அந்த வெனீர் துளைகளுக்குப் பின்னால் ஒட்டியது. 1920களில் வால்நட்டுக்கு மீண்டும் மோகம் வந்தபோது, சாதாரண ஓக், பைன் பெட்டிகளுக்கு இப்படி வால்நட் சட்டை போட்டு விற்றார்கள். வெனீரின் தடிமனையும் ஒரு ஓரத்தில் பாருங்கள். கையால் அறுத்த பழைய வெனீர் ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். இயந்திரத்தில் சீவியது அட்டைத் தடிமன்கூட வராது.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். லாச்சியின் பக்கங்கள் பெரும்பாலும் ஓக். லாச்சி அடிப்பலகையின் ரேகை முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும், இடவலமாக ஓடினால் ஏறக்குறைய 1730க்குப் பிந்திய வேலை. மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் புறாவால் மூட்டுகள் நாலைந்துக்கு மேல் இல்லாமல், முரட்டுத்தனமாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருப்பது நல்லது. பலகையில் வில் போல வளைந்த அறுப்புத் தடம் வட்ட ரம்பத்தினுடையது, 19ஆம் நூற்றாண்டு. லாச்சியின் உடம்பு மஹோகனி என்றால் 1700 என்ற பேச்சே இல்லை. காலனி மரத்துக்கு இருந்த இறக்குமதி வரியை 1721இல் எடுத்த பிறகுதான் அந்த மரம் இங்கே குவிந்தது.

உளுத்த துளைகளைக் கண்டு பயப்படாதீர்கள், வட்டத் துளை வால்நட்டுக்கு அம்மைத் தழும்பு மாதிரி. துளைக்குப் பதிலாகப் புழு போன பாதையே நீளவாக்கில் வாய்க்கால் போலத் திறந்து கிடந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உளுத்த பழைய மரத்தைப் பிறகு அறுத்து வேறு சாமான் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துளையடியில் மாவு போலப் புதுத் தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, மருந்தடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

மேல் பாதியும் கீழ்ப் பாதியும் வெவ்வேறு சாமானிலிருந்து வந்து சேர்ந்ததற்கு வியாபாரிகள் ‘மேரேஜ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களுடையது ஒரே கூடு என்பதால் அந்தக் கவலை இல்லை.

திருப்பிக் கொடுப்பது பற்றி: கால், கைப்பிடி மாறியது விலையைக் குறைக்கும், பெட்டியைப் போலி ஆக்காது. பின்னால் போட்ட வெனீர் என்றால் கதை வேறு. அப்போது உள்துளையையும் வெளிப்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படமெடுத்து ஏலக்காரருக்கு எழுதுங்கள். எழுதுமுன் விற்பனை விதிகளில் எத்தனை நாள் கெடு என்று பாருங்கள். விவரச்சீட்டையும் மறுபடி ஒருமுறை படியுங்கள். ‘சுமார் 1700’ என்பது ஒரு காலத்தைச் சொல்லும் உறுதி. ‘வில்லியம் அண்ட் மேரி ஸ்டைல்’ என்று இருந்திருந்தால் போன வருடம் செய்ததற்கும் அது பொருந்தும்.

சுவர்க் கண்ணாடிக்கு ஒரு சின்னச் சோதனை. விளிம்புச் சரிவின்மேல் விரலை ஓட்டுங்கள். கையால் தேய்த்த பழைய சரிவு கண்ணுக்குத் தெரியும், விரலுக்கு அநேகமாகத் தட்டுப்படாது. கூர்மையாகத் தட்டுப்பட்டால் கண்ணாடி பிந்தியது, சட்டம் பழையதாக இருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சனிக்கிழமை லண்டன் போய் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பிரிட்டிஷ் கூடங்களைப் பாருங்கள், நுழைவு இலவசம். பாத் பக்கம் போனால் டிர்ஹாம் பார்க், வில்லியம் காலத்து டச்சு மோகத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

துடைப்பதற்கு உலர்ந்த பருத்தித் துணி போதும். வருடத்துக்கு ஒருமுறை தேன்மெழுகு, அதுவும் கொஞ்சமாக. ஸ்பிரே பாலிஷ் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள சிலிக்கோன் பிறகு எந்த வேலையையும் பிடிக்க விடாது. ரேடியேட்டர் பக்கம் வைக்காதீர்கள். அறையில் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருந்தால் வெனீர் தூக்காது. தூக்கினால் சூப்பர் குளூ எடுக்காதீர்கள். பழைய பசை விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சியது, சூடும் ஈரமும் கொடுத்தால் இளகி மறுபடி ஒட்டும், தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அவர் வரும்வரை, உதிர்ந்த துண்டு எவ்வளவு சின்னதானாலும் ஒரு கவரில் போட்டு மேல் லாச்சியில் வைத்திருங்கள்.