தான்சேன் புளியமரமும் குவாலியர் ஆசையும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 17 வயது. சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்கிறேன், ஆனால் இந்துஸ்தானி சங்கீதத்தின் கயால் பாடும் முறை மேல் பைத்தியம். பிளஸ் டூ முடித்ததும் குவாலியரில் சங்கீதம் படிக்கச் சேர வேண்டும். அங்கே அக்பர் அவைப் பாடகர் தான்சேனின் சமாதி அருகிலுள்ள புளியமரத்து இலையை மென்றால் குரல் இனிக்கும் என்கிறார்களே, உண்மையா? இப்போதே எப்படித் தயாராவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மென்று பாருங்கள், தப்பில்லை. புளிப்புக்கு எச்சில் ஊறும். வறண்ட தொண்டைக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். அவ்வளவுதான். விழுங்கும்போது மூச்சுக்குழல் மூடிக்கொள்வதால் இலைச்சாறு குரல்நாணைத் தொடுவதே இல்லை. போதாததற்கு, பழைய மரம் பட்டுப்போய் இப்போது நிற்பது பின்னால் வந்த மரம்.

அந்த ஊர்க் கதைகளில் உங்களுக்குப் பயன்படக்கூடியது பழைய குவாலியர் கயால் பாடகர் ஹஸ்ஸூ கானுடையது. அரசவையில் ஒரு முரட்டு ‘தான்’ (வேகமாக உருளும் ஸ்வரக் கோவை) ஒன்றை மறுபடியும் பாடச் சொல்லி உசுப்பேற்றினார்களாம். பாடி ரத்தம் கக்கினாராம். நடந்ததோ இல்லையோ, முதல் வருஷமே வேகத் தானுக்குப் பாய்கிற பிள்ளைகளின் குரல் கட்டிக்கொள்வது நிஜம்.

அதனால் கரஜ் சாதகத்தில், அதாவது கீழ் ஸ்தாயிப் பயிற்சியில் தொடங்குங்கள். விடியற்காலை, தம்புராவோடு, நடு ஸட்ஜத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் வரை இறங்குங்கள். ‘ஆ’ என்ற ஆகாரத்தில், ஒரே மூச்சில் 12 முதல் 15 விநாடி நிற்க வேண்டும். முதலில் 15 நிமிடம் போதும், மூன்று மாதத்தில் அரை மணிக்குக் கொண்டுவரலாம். கீழ் ஸ்வரத்தை எட்டுவதற்காக மோவாய் நெஞ்சை நோக்கி இறங்கும், குரல் கரகரக்கும். அந்த இடத்தில் ஒரு ஸ்வரம் மேலே ஏறி நின்றுகொள்ளுங்கள். சத்தம் வேண்டாம், கீழ் ஸ்தாயியில் குரல் சன்னமாகத்தான் வரும், அழுத்தினால் மறுநாள் தொண்டை கட்டும். கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள், மிளகுப்பால் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

உங்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நம் கமகம்தான். நம் கல்யாணியின் ஸ்வரங்களே கொண்ட இந்துஸ்தானி ராகமான யமனைப் பாடினால் கல்யாணி எட்டிப் பார்க்கும். காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்திப் பழகுங்கள். ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கிச் சேருங்கள், அதுதான் மீண்ட். ஏறும்போது ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விட்டு நி ரி க ம த நி ஸ என்று போவது யமனில் சகஜம். பெயரை நம்பியும் ஏமாறாதீர்கள்: அங்கே தோடி என்பது நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள், நம் தோடியின் ஸ்வரங்கள் அங்கே பைரவி.

கல்லூரி விஷயம்: 1918இல் குவாலியர் மன்னர் மாதவராவ் சிந்தியா ஆதரவில் இசை அறிஞர் பாத்கண்டே உருவாக்கிய மாதவ் சங்கீத மகாவித்யாலயா இருக்கிறது. ராஜா மான்சிங் தோமர் பெயரில் 2008இல் வந்த பல்கலைக்கழகமும் உண்டு. எதில் சேர்ந்தாலும் இந்தி எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். ஸ்வரங்களை எழுதும் முறையான பாத்கண்டே ஸ்வரலிபியை இப்போதே படித்துவிடலாம்: கீழே புள்ளி மந்திரம், மேலே புள்ளி தாரம் (மேல் ஸ்தாயி), அடிக்கோடு கோமளம் (தாழ்ந்த ஸ்வரம்), மத்தியமத்தின் தலையில் நிமிர்ந்த கோடு தீவ்ரம் (உயர்ந்த ஸ்வரம்).

கடைசியாக, தொடையில் தாளம் போடுவதை விடுங்கள். விளம்பித் (மெதுவான) கயாலுக்குக் குவாலியர்காரர்கள் விரும்பும் தாளம் 16 மாத்திரை தில்வாடா. கணக்கைத் தபலாவின் டேகா (தாளத்துக்குரிய நிலையான சொற்கட்டு) வைத்திருக்கும், காதால் பிடிக்க வேண்டும். தபலா செயலியில் தில்வாடாவை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முகடாவை (பாட்டின் தொடக்கச் சொற்களை) மட்டும் திரும்பத் திரும்பப் பாடி, ஸம்மில் (தாளத்தின் முதல் மாத்திரையில்) வந்து விழுங்கள். ஆரம்பத்தில் முந்திக்கொண்டே விழுவீர்கள்; கை ஊமையானதும் எல்லோருக்கும் வரும் பதற்றம் அது.