காத்தாலையும் ராணுவ ராடரும்: நீங்கள் கேட்டதும் என்ர பதிலும்

முதல் ராடர் பராமரிப்பு, இப்ப காத்தாலை. ரெண்டு பக்கமும் வேலை செய்தனான், அதாலதான் கேளுங்கோ எண்டனான்.

பளைத் தம்பி: அண்ணை, ராடர் ஓடுற சாமானைத்தானே பாக்கும்? புலோப்பளையில நிக்கிற காத்தாலை மாதிரி ஒண்டு அதை என்ன செய்யும்?

கோபுரம் நிக்குது தம்பி, இறக்கை நிக்கேல்லையே. பெரிய காத்தாலையின்ர இறக்கை நுனி செக்கனுக்கு 80 மீற்றர் ஓடும், மணிக்கு 290 கிலோமீற்றர் கிட்ட, சின்ன பிளேன் ஒண்டின்ர வேகம். மலை, கட்டிடம் அசையாது எண்டு ராடர் அதுகளைக் கழிச்சுப்போடும், இறக்கையைக் கழிக்க ஏலாது, அது திரையில புள்ளி புள்ளியா வந்துகொண்டே இருக்கும். இரவில ஃபான் சுத்தேக்க அதுக்குப் பின்னால நிக்கிற நுளம்பை ரோச் அடிச்சுத் தேடிப் பாருங்கோ, இறக்கைதான் பளிச் பளிச்செண்டு மின்னும், நுளம்பைக் காணேலாது. அதோட காத்தாலைக்குப் பின்னால ராடருக்கு ஒரு நிழலும் விழும், அதுக்குள்ள இருக்கிறது சரியாத் தெரியாது.

திருநெல்வேலி ரீச்சர்: சுவீடன் கடல்ல போட இருந்த 13 காத்தாலைத் திட்டத்தை ராணுவத்துக்கு இடைஞ்சல் எண்டு ஒரேயடியா மறுத்தது சரியோ?

2024 நவம்பர், பால்டிக் கடல். ஏவுகணை வந்தா கண்டுபிடிக்க இருக்கிற 2 நிமிசம் 1 நிமிசமாக் குறைஞ்சுபோம் எண்டு அவையின்ர பாதுகாப்பு அமைச்சர் சொன்னவர். அந்த ஒரு நிமிசம் பெரிய விசயம் ரீச்சர், நான் அதைச் சின்னனாக் கதைக்க மாட்டன். ஆனா வேற வழியும் இருக்கு. இங்கிலாந்தில நோர்போக் கரையில காத்தாலைக் கொம்பனியளே காசு போட்டு விமானப்படைக்குப் புது ராடர் வாங்கிக் குடுத்தவை. அமெரிக்காவில ஒரிகன் மாநிலத்து 845 மெகாவாட் காத்தாலைப் பண்ணையை 2010ல விமானப்படை மறிச்சது, பிறகு ஆராய்ச்சிக்காரரைக் கூப்பிட்டு ராடரைச் சீர்செய்யலாம் எண்டு கண்டு விட்டிட்டினம், 2012ல பண்ணை முடிஞ்சுது.

வேலணை அண்ணா: ராடருக்குத் தெரியாத இறக்கை செய்யேலாதோ?

ஓம், பிரான்சில பெர்பினியோன் பக்கம் வானிலை ராடருக்காக அப்பிடிப் போட்டிருக்கினம். தெறிப்புக் குறையும், முழுசாப் போகாது.

நெடுந்தீவுத் தங்கச்சி: எங்கட மூண்டு தீவுக் காத்து, சூரிய மின் திட்டமும் ராடராலதான் நிண்டதோ?

இல்லை அம்மா, ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு வேலையை 2021ல சீனக் கொம்பனிக்குக் குடுத்தது, தமிழ்நாட்டுக் கரை கிட்ட எண்டு இந்தியா ஒத்துக்கொள்ளேல்லை, பிறகு இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை தந்து அது கைமாறினது. அது அரசியல். ராடர்ப் பிரச்சினையை அளந்து பாக்கலாம், எந்த உயரம், எந்தத் திசை, எவ்வளவு தூரம் எண்டு கணக்கு இருக்கு.

பூநகரி ஐயா: காணி கேட்டு வந்தா நாங்கள் என்ன கேக்கிறது?

குத்தகைக் காசைக் கேக்க முதல், பாதுகாப்புப் பக்கத்து அனுமதி எழுத்தில வந்திட்டுதோ எண்டு கேளுங்கோ ஐயா, கடுதாசியைக் கையில வாங்கிப் பாருங்கோ. நான் வேலை செய்த ஒரு இடத்தில பனையெல்லாம் தறிச்சு, கிடங்கு வெட்டி, கம்பியும் கட்டினாப் பிறகுதான் ராடருக்கு இடைஞ்சல் எண்டு மறிச்சவை. ரெண்டு மாரி போச்சு. கம்பி துருப்பிடிச்சு, கிடங்கு நிறையத் தண்ணி, ஆடு விழாமல் காணிக்காரர் தன்ர காசில சுத்தவர வேலி அடைச்சவர்.