டிஃபரென்ஷியல் லாக்கர்: எந்த அச்சில் பொருத்துவது?

கேள்வி: என் மாருதி ஜிம்னியை நாள்தோறும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறேன், விடுமுறையில் மலைப் பாதைகளுக்கும் கொண்டு செல்கிறேன். குறைந்த செலவில் எந்த டிஃபரென்ஷியல் லாக்கரைப் பொருத்தலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வளைவில் ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது டிஃபரென்ஷியல்; அதைப் பூட்டி, இரண்டையும் சேர்ந்தே சுழல வைப்பது லாக்கர். இவற்றில் விலை குறைந்தது, ‘லஞ்ச்பாக்ஸ்’ எனப்படும் தானியங்கி லாக்கர்தான். டிஃபரென்ஷியலுக்குள் உள்ள ஸ்பைடர், சைடு கியர்களை (சிறு பற்சக்கரங்களை) மட்டும் எடுத்துவிட்டு அவ்விடத்தில் இது அமர்வதால், கிரவுன், பினியன் என்ற பெரிய பற்சக்கரங்களின் இடைவெளியை மறுபடி அளந்து சரிசெய்யும் வேலை இல்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி திரும்பினால் பூட்டிக்கொள்ளும். பின் அச்சில் இருந்தால், தெருமுனைதோறும் ‘கிளிக், கிளிக்’ ஒலி, டயர் தேய்மானம், மழைச் சாலையின் வளைவில் பின்பக்கம் வழுக்கும் அபாயம் ஆகியவற்றோடு நீங்கள் அன்றாடம் வாழவேண்டியிருக்கும். ஜிம்னி போன்ற குட்டையான வண்டியில் இது கூடுதலாகவே தெரியும்.

ஆகவே முன் அச்சையே பரிந்துரைப்பேன். டூ-வீல் டிரைவில் முன் அச்சுக்கு எஞ்சின் விசை செல்லாது என்பதால், நகரத்தில் லாக்கர் இருப்பதே பெரும்பாலும் தெரியாது. ஃபோர்-வீலில் ஸ்டீயரிங் கனமாவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தில் இயங்குவது) பொத்தானை அழுத்தினால் மட்டுமே பூட்டும். குணத்தில் அதுவே சிறந்தது என்றாலும், கம்ப்ரசர், காற்றுக் குழாய், தேர்ந்த மெக்கானிக்கின் கூலி என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, மறு சக்கரத்துக்கு விசையை அனுப்பும் ஏற்பாடு ஜிம்னியில் ஏற்கெனவே உள்ளது. எனவே முதலில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போட்டு, கரடுமுரடான பாதையில் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் லாக்கர் தேவை என்று பட்டால், வாங்குமுன் அச்சுத்தண்டின் ஸ்ப்லைன் (முனையில் உள்ள பல்வரிகள்) எண்ணிக்கையையும் வாரண்டி நிபந்தனைகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.