பங்கசு தாங்கும் சோயா வந்தால் மருந்தடிப்பதை நிறுத்திவிடலாமா?

அடிக்கிற தடவை குறையலாம், அடியோடு நிறுத்த முடியாது. பரீட்சைக்குக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஆனால் ‘எதிர்ப்பு மரபணுவைப் புகுத்தினால் பிரச்சினை தீர்ந்தது’ என்று புத்தகம் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பங்கசால் வரும் சோயாத் துரு நோய்க்கு ஆர்பிபி (Rpp) 1 முதல் 7 வரை எதிர்ப்பு மரபணுக்கள் கண்டிருக்கிறார்கள். அவை இருக்கிற செடியை நல்ல விளைச்சல் இனத்தோடு கலந்து, வருகிற பிள்ளைச் செடியைத் திரும்பத் திரும்ப அந்த நல்ல இனத்தோடேயே கலந்து, தாங்குவதை மட்டும் பொறுக்கியெடுக்க வேண்டும். அதில் ஒரு மரபணுவை மட்டும் நம்பினால் பங்கசு மாறிக்கொண்டு தாண்டிவிடும். கோப்பியில் அது நடந்தது: திமோர் தீவில் கிடைத்த கலப்புக் கோப்பிச் செடியிலிருந்து எடுத்த எதிர்ப்பையும் கோப்பித் துரு பல இடங்களில் உடைத்துவிட்டது. 1869இல் நம் இலங்கை மலையில் கோப்பியைப் பிடித்து, கடைசியில் இங்கே தேயிலையைக் கொண்டுவந்து விட்டது அதே கோப்பித் துருதான்.

நான் சோயா பயிரிட்டவன் இல்லை. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்றுமேடையில் இருந்தேன். 1946இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோயும் பங்கசுதான், அது இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும், அதனால் கவ்வாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவது, முடிந்து துளிர்க்கிற மலைகளில் மழையும் பனியும் சேர்ந்தால் செப்பு மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீ.பி. மலையில், அதாவது விதையில்லாமல் தண்டு நட்டு வளர்த்த தேயிலையில், எல்லாச் செடியும் ஒரே தாய்ச் செடியின் தண்டு, அதனால் ஒன்றுக்கு வந்தால் வரிசையோடு வரும். பக்கத்துப் பழைய விதைத் தேயிலையில் அப்படியில்லை, ஒரு செடி முழுக்கக் கொப்புளம், அதை ஒட்டி நிற்கிறது சுத்தமாக இருக்கும். எது எது என்று கொழுந்தெடுக்கிற அம்மா கைகாட்டிச் சொல்வார்.

‘தேயிலையும் சோயாவும் ஒன்றா?’ என்று யாராவது வருவீர்கள், தெரியும். சோயாவுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஒரு தலைமுறை, தேயிலைக்குப் பல வருஷம், சரி. ஆனால் ஒரே எதிர்ப்பை ஊர் முழுக்க நட்டால் வரும் ஆபத்து இரண்டுக்கும் பொது. அதனால்தான் இப்போது இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே இனத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

அந்தச் சுத்தமான செடிகளில் தண்டெடுத்து வளர்த்துப் பார்ப்போம் என்று மேலே இருந்தவரிடம் சொன்னேன். ‘லயத்துப் பயல் ஆராய்ச்சி பண்ணுறானாம்’ என்று சிரித்தார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. மருந்தடிக்கிறவர்களுக்குக் கையுறை கேட்டபோதும் அதே சிரிப்புத்தான். உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லை, அழிக்கவும் மாட்டேன்.