வாய் திறக்கும் பயிற்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். வயது 46. நாக்கின் இடது ஓரத்தில் ஆறாமல் இருந்த புண்ணைப் பேராதனை பல் வைத்தியசாலையில் காட்டினேன். பயொப்சி, அதாவது புண்ணில் சிறு துண்டை வெட்டியெடுத்துச் சோதிப்பது, செய்து பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அறுவைச் சிகிச்சையும், கண்டியில் ஆறு வாரக் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து எட்டு மாதமாகிறது. கிளினிக் நாள் நெருங்கினால் தூக்கம் போய்விடுகிறது. சுகமாகிவிட்டதா என்று கேட்டால், "இப்போதைக்குச் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, அடுத்த முறை பார்ப்போம்" என்பதற்கு மேல் வைத்தியர் ஒரு சொல் பேசுவதில்லை. இணையத்தில் ஐந்து வருட உயிர்வாழ்வு வீதத்தைப் பார்த்து இன்னும் பயந்துவிட்டேன். இருபது வருடம் வெற்றிலை போட்டவன், தானே தேடிக்கொண்டது என்று மனைவி வீட்டார் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இப்போது புகையிலையை அடியோடு விட்டுவிட்டேன், எப்போதாவது ஒரு துண்டு வெறும் பாக்கு மட்டும். ஒருவர் மூலிகை கொடுத்து நூறு வீதம் சுகப்படுத்துவதாகச் சொல்கிறார். இருப்பேனா மாட்டேனா என்பதே தெரியாதபோது எதிலும் மனம் ஒட்டவில்லை; வாய் திறக்கும் பயிற்சியைக்கூட விட்டுவிட்டேன். இந்த நிச்சயமின்மையோடு எப்படி வாழ்வது? மனதைத் தேற்றும் புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியர்

அன்புள்ள தம்பி,

கடிதங்களுக்கு ஒழுங்காகப் பதில் எழுதுகிறவன் அல்லன் நான். உங்களுக்கு உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீங்கள் பெரிதாக நினைத்து எழுதிய கேள்வி அன்று. கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன அந்தப் பயிற்சி விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புத்தகம் எதுவும் சொல்லப் போவதில்லை. மூலிகைக்காரருக்கும் அதிக இடம் ஒதுக்க விருப்பமில்லை. உங்கள் வாயைத் திறந்து பார்க்காமல், பயொப்சி அறிக்கையில் ஒரு வரிகூடப் படிக்காமல் நூறு வீதம் என்று சொல்லக்கூடிய மனிதருக்கும், எல்லா அறிக்கையையும் பார்த்த பிறகும் "அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்கிற வைத்தியருக்கும் இடையில் யார் நேர்மையானவர் என்பதைக் கணித ஆசிரியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த வைத்தியர்மீது உங்களுக்கு உள்ளூர மனத்தாங்கல் இருக்கிறது. அது நியாயமில்லை. இந்த நோய் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வருகிறது. அதனால்தான் முதல் வருடத்தில் மாதத்துக்கு ஒருமுறையோ, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கூப்பிட்டு வாயையும் கழுத்தையும் தடவிப் பார்க்கிறார்கள். போகப் போக இடைவெளியைக் கூட்டுகிறார்கள். ஆக, எட்டாவது மாதத்தில் "சுகமாகிவிட்டது" என்று எந்த வைத்தியராவது முத்திரை குத்திக் கொடுத்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று அவர் சொல்கிற ஒவ்வொரு முறையும் உங்கள் நிலை மாறுகிறது. இரண்டு வருடத்தைத் தாண்டியவர் முதல் நாளில் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நீங்கள் பார்த்த ஐந்து வருட வீதமோ, பல வருடங்களுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களை, பெரும்பாலும் ஆரம்ப நிலையில் வந்தவரையும் முற்றிய நிலையில் வந்தவரையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிட்டது. வகுப்பின் சராசரிப் புள்ளியை வைத்து மூன்றாம் வரிசையில் இருக்கிற பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று நீங்கள் சொல்வீர்களா? உங்கள் கட்டி எத்தனையாம் நிலை, கழுத்து நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்ததா, வெட்டிய ஓரங்கள் புற்றுநோய் இல்லாமல் சுத்தமாக இருந்தனவா என்ற மூன்றையும் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமல், தெரிந்துகொள்ளக்கூடியதையும் தெரியாததோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருக்கிறீர்கள்.

மலையகத்து எழுத்தாளன் என்பதால், நிச்சயமின்மை நமக்குப் புதிதா, 1948இல் குடியுரிமை போய், 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் கையெழுத்திட்டு நம் சனத்தைப் பங்கு போட்டு, 2003 வரை நாடு எதுவென்று தெரியாமல் வாழ்ந்தவர்கள் இல்லையா என்று நான் எழுதுவேன் என்றுகூட எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி எழுத மாட்டேன். அதைச் செய்தவை அரசாங்கங்கள். அவற்றின்மீது கோபப்படலாம், கோபத்தில் நிமிர்ந்து நடக்கலாம். ஓர் உயிரணு தறிகெட்டுப் பெருகுவதற்கு யார்மீது கோபப்படுவது?

கோபப்பட ஆள் கிடைக்காததால்தான் நீங்கள் உங்கள்மீதே கோபப்படுகிறீர்கள். "நானே தேடிக்கொண்டது" என்பதில் துன்பம் இருந்தாலும் ஒரு தெளிவு இருக்கிறது, காரணம் கிடைத்துவிட்டது என்ற ஆறுதல் இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிடக் குற்றவாளியாக இருப்பது மனதுக்கு எளிது. வெற்றிலைதான் பெரும்பாலும் காரணம் என்பதை மறுக்கவில்லை. இலங்கையில் ஆண்களிடையே அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். ஆனால் விடியற்காலைக் குளிரில் பெரட்டுக்கு, தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போய், அட்டைக்கடியோடு வெறும் வயிற்றில் மலையேறிய நம் தாய்மார், பசி தெரியாமல் இருக்க மடியில் முடிந்துகொண்டு போனது அது. கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் தட்டில் வைத்து நீட்டியது அது. வாங்காதவனைத்தான் மரியாதை தெரியாதவன் என்றார்கள். அதை நீட்டிய அதே சொந்தங்கள் இன்று தேடிக்கொண்டான் என்று பேசினால், ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள்.

அதற்காக அந்த "வெறும் பாக்கு"க்கு நான் மன்னிப்புக் கொடுப்பதாக நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சொன்னது. 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலையும், ஏன், பாக்கு மட்டுமேகூடப் புற்றுநோய் உண்டாக்குவதுதான் என்று உறுதிப்படுத்திவிட்டது. வாயின் உட்தசையை இறுக்கி நார்போலாக்குவதும் பாக்குத்தான். சிகிச்சை முடிந்த வாயில் அதை அடக்கிக்கொண்டு நிச்சயமின்மையைப் பற்றி எனக்கு நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள்! இன்றைக்கே எறியுங்கள்.

இனி அந்தப் பயிற்சி. பொகவந்தலாவையில் கொழுந்தெடுத்த என் சித்திக்குக் கன்னத்தின் உட்பக்கத்தில் இதே நோய் வந்தது. கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்தது. வைத்தியசாலையில் தட்டையான மரக்குச்சிகள் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்துப் பழகச் சொன்னார்கள். சித்தி அந்தக் குச்சிகளைக் கொதிநீரில் அலசி, ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருப்பார். சோறு கொதிக்கிற நேரத்தில் தோட்ட வீட்டுக் காம்பரா வாசலில் உட்கார்ந்து அடுக்கை வாயில் வைத்துக்கொண்டு, அடுத்த குச்சியை நடுவில் பக்கவாட்டாக மெல்ல நுழைப்பார். கண்ணில் நீர் வழியும். விரலால் கணக்கு வைத்து, முடிந்ததும் எடுத்துத் துடைத்து டின்னில் போடுவார். எதற்குச் சித்தி இவ்வளவு பாடு என்று கேட்டால், "வாயத் தொறக்காட்டி டாக்டரு என்னத்தப் பாப்பாரு? சோத்த எதுல போடுறது?" என்பார்.

சித்திக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் இன்னொரு வீதமாக எடுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பீர்கள்.

கதிர் பட்ட தாடைத் தசை சிகிச்சை முடிந்த அன்றோடு இறுகுவதை நிறுத்திவிடுவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட இறுகிக்கொண்டே போகும். முன்பற்களுக்கிடையே 35 மில்லிமீற்றர்கூடத் திறக்கவில்லை என்றால் வாய்ப்பூட்டு என்று கணக்கு. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். வாய் திறக்காவிட்டால் உணவு போகாது, பல் துலக்க முடியாது, உமிழ்நீர் வற்றிய வாயில் பல் சொத்தையாகும். சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் கதிர் பட்ட எலும்பு ஆறாமல் பட்டுப்போகும் ஆபத்து உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது சித்தி சொன்னதுதான். நாளைக்கு நாக்கின் ஓரத்தில் சின்னதாக ஒன்று தலைகாட்டினால், அதை ஆரம்பத்திலேயே பார்ப்பதற்கு வைத்தியரின் விளக்கும் விரலும் உள்ளே போக வேண்டும். தெரியவில்லை, தெரியவில்லை என்று புலம்புகிற நீங்கள், தெரிந்துகொள்வதற்கு இருக்கிற ஒரே வழியை கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருக்கிறீர்கள். இருப்பேனா என்று தெரிந்த பிறகு பயிற்சி செய்யலாம் என்பது என்ன கணக்கு? தெரிந்து முடிகிற நேரத்தில் வாய் திறக்காது.

தூக்கம் கெடுவதைக் கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் வழி சொல்வார்கள். தினமும் கண்ணாடிக்கு முன்னால் போன் விளக்கை அடித்து நாக்கை ஆராயாதீர்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ கழுத்தில் புதிதாகக் கட்டியோ தென்பட்டால் மட்டும் தவணைக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள். அடுத்த கிளினிக்குக்கு விடியற்காலை பஸ்ஸில் தனியாகப் போக வேண்டாம், மனைவியையும் அழைத்துப் போங்கள்; நான் மேலே கேட்ட மூன்று கேள்விகளையும் கொப்பியில் எழுதி எடுத்துப் போய், பதிலை மனைவியையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விட்ட இடைவெளியில் தசை இறுகியிருக்கும் என்பதால் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்பதையும் அங்கேயே கேளுங்கள், நீங்களாகப் பலவந்தம் செய்ய வேண்டாம். அதன் பிறகு எத்தனை குச்சி போகிறது என்று எனக்கு எழுதுங்கள். வேறு எதுவும் எழுதத் தேவையில்லை.

அன்புடன்